மறியலுக்கு வழக்கு, வேலிக்கு ரசீது: பொதுவழியை மறித்தால் சட்டம் என்ன செய்யும்?

கேள்வி சுருக்கமாக இது. 2025 மார்ச்சில் ஊருக்கு ஒன்பது நாள் குடிநீர் வரவில்லை. பெண்களும் இளைஞர்களுமாக ஐம்பது பேர் காலிக்குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதிகாரி வந்து பேசியதும் நாற்பது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து 14 பேரின் பெயரையும் ‘மற்றும் பலர்’ என்பதையும் போட்டு எஃப்.ஐ.ஆர். பதிவானது. கேட்டவரின் தம்பியும் அந்த 14 பேரில் ஒருவர். காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். “கோர்ட்டுக்குப் போய் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு வாங்க, அதோடு முடிந்தது” என்று ஊரில் சொல்கிறார்களாம். அதே ஊரில் ஒருவர் வண்டிப்பாதையின் குறுக்கே கல்தூண் நட்டு முள்வேலி போட்டு நான்கு மாதம் ஆகிறது. அதற்குப் புகார் கொடுத்தால், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து ‘இது சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிட்டார்கள். நாற்பது நிமிடம் மறித்தவர்கள் மேல் வழக்கு, நான்கு மாதமாக மறித்துக்கொண்டிருப்பவர் மேல் ஒன்றும் இல்லை, இது என்ன நியாயம் என்று கேட்கிறார்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். தம்பி ஃபைன் கட்ட வேண்டாம். குறைந்தபட்சம், கீழே உள்ளதைப் படித்து முடிக்கும்வரை கட்ட வேண்டாம்.

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவம் என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (இ.பி.கோ.) இங்கே பொருந்தாது, பாரதிய நியாய சன்ஹிதாதான் (பி.என்.எஸ்.) பொருந்தும். மறியல் வழக்கு என்றால் பழைய நாளில் 143, 341, 283, 188 என்று நான்கு எண்களை ஒரே மூச்சில் எழுதுவார்கள். இப்போது அவை 189(2), 126(2), 285, 223. எண்கள் மாறினாலும் எழுதும் பழக்கம் மாறவில்லை. உங்கள் எஃப்.ஐ.ஆரை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இவைதான் இருக்கும்.

இதில் பொதுவழியை நேரடியாகச் சொல்வது 285 மட்டும்தான். பொதுவழியில் யாருக்காவது ஆபத்தோ தடையோ காயமோ உண்டாக்கினால் 5,000 ரூபாய் வரை அபராதம். சிறையே கிடையாது. பழைய 283-இல் இது வெறும் 200 ரூபாய், ஒரேயடியாக 25 மடங்காக்கிவிட்டார்கள். இந்தப் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு பாதி உண்டு. ஒரு செயலைச் செய்தால்தான் குற்றம் என்றில்லை. தன் கையிலோ பொறுப்பிலோ உள்ள பொருளை ஒழுங்குபடுத்தாமல் விட்டாலும் குற்றம். வீடு கட்டுகிறேன் என்று தெருவில் ஜல்லியும் மணலும் கொட்டி மூன்று மாதம் அள்ளாமல் வைத்திருப்பவரும், பந்தல்காலைத் தெரு நடுவில் ஊன்றிவிட்டுப் போனவரும் இதற்குள் வருகிறார்கள். ஆனால் இந்தப் பிரிவு அதிகம் பாய்வது மறியல்காரர்கள் மேல்தான்.

126(2) ஒரு ஆளை மறித்ததற்கான பிரிவு. போக உரிமை உள்ள திசையில் ஒருவரைப் போகவிடாமல் தடுத்தால் ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தடுக்கப்பட்டவர் விரும்பினால் சமாதானமாகப் போய் முடித்துக்கொள்ளலாம். 285-இல் அந்த வசதி இல்லை, ஏனென்றால் அங்கே தடுக்கப்பட்டது தனி ஆள் இல்லை, பொதுமக்கள். 189(2) சட்டவிரோதக் கூட்டம்: ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து, சட்டம் வரிசைப்படுத்தியுள்ள ஐந்து நோக்கங்களில் ஒன்று இருந்தால் ஆறு மாதம் வரை. சட்டத்தின் அட்டவணைப்படி நான்கும் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய பிரிவுகள் (223-இல் உள்ள சிக்கலைக் கீழே சொல்கிறேன்); நான்கும் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டிய பிரிவுகள். அதனால்தான் மறியலில் கைதானவர்களைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, பெயர் விலாசம் எழுதிக்கொண்டு, மதியம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ‘மண்டபத்தில் வைத்து விட்டுவிட்டார்கள், கேஸ் இல்லை’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மண்டபத்தில் எழுதிய அந்தப் பெயர்ப் பட்டியல்தான் பின்னாளில் எஃப்.ஐ.ஆரில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பட்டியல்.

223 கொஞ்சம் விசேஷமானது. அதிகாரி முறைப்படி பிறப்பித்த உத்தரவை மீறியதற்கான பிரிவு இது. ஊர்வலம், கூட்டம் பற்றிய காவல் சட்டம் 30(2) உத்தரவு மாவட்டங்களில் அடிக்கடி நடைமுறையில் இருக்கும், சென்னையில் நகரக் காவல் சட்டத்தின் 41. உத்தரவை மீறினார்கள் என்று 223-ஐச் சேர்ப்பார்கள். ஆனால் இந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டுமானால் உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ நீதிமன்றத்தில் எழுத்துமூலம் முறையிட வேண்டும். காவல்நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டு, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் போதாது. இதை ஜீவானந்தம் வழக்கில் 2018-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவாக எழுதினார். பழைய 188 உள்ளிட்ட பிரிவுகளில் காவல்துறை எஃப்.ஐ.ஆர். பதியவே முடியாது என்றார். அமைதியாகக் கூடிக் கோஷம் போட்டதை மட்டும் வைத்து ஒரு கூட்டத்தைச் சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லிவிட முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். அதைக் காட்டி எத்தனையோ மறியல் வழக்குகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகியிருக்கின்றன. உங்கள் தம்பிக்கும் இதுதான் முதல் கதவு.

அப்படியானால் சாலையில் உட்காருவது உரிமையா? இல்லை. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் இருக்கிறது. நாடு முழுக்கத் தடையின்றிச் செல்லும் உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது, பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருடைய உரிமை அது. 1972-இல் ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுத்தெருவில் கூட்டமே கூடாது என்று அதிகாரி தன் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது, ஆனால் ஒழுங்குபடுத்தலாம் என்றது. 2020 அக்டோபரில் டெல்லி ஷாஹீன் பாக் சாலைப் போராட்ட வழக்கில் பொதுவழியைக் காலவரையின்றி ஆக்கிரமித்துப் போராடுவதை ஏற்க முடியாது என்றது. இரண்டுக்கும் நடுவில்தான் நம் ஊர்க் காலிக்குட மறியல்கள் நடக்கின்றன. நாற்பது நிமிடம் என்பது உங்களுக்குச் சாதகமான எண். அதிகாரி வந்ததும் எழுந்துவிட்டது அதைவிடச் சாதகம். ‘கலைந்து போங்கள்’ என்று சொன்ன பிறகும் உட்கார்ந்திருந்தால் கதை வேறு.

இன்னும் சில விஷயங்களிலும் கதை வேறு, அதனால் சொல்லிவைக்கிறேன். மறியலின்போது சாலையை வெட்டினாலோ பாலத்தைச் சேதப்படுத்தினாலோ அது 285 இல்லை, ஐந்து வருடம் வரை போகும் 326. தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8பி-யும் சேரும், அதுவும் ஐந்து வருடம் வரை. ரயில் மறியலை ரோடு மறியல் மாதிரி நினைத்துவிடாதீர்கள். தண்டவாளத்தில் உட்கார்ந்தால் ரயில்வே சட்டம் 174, இரண்டு வருடம் வரை சிறை. வழி விடாமல் ஆம்புலன்ஸை நிறுத்தினால், வண்டி ஓட்டுபவராக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஈ: ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறியல் நடத்துபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, ஆம்புலன்ஸ் வந்தால் நீங்களே ஓடிப்போய் வழி ஏற்படுத்திக் கொடுங்கள், அதை யாராவது ஒருவர் போனில் எடுத்து வையுங்கள். பின்னால் கூண்டில் நிற்கும்போது அந்த அரை நிமிட வீடியோ பேசும்.

இப்போது வேலிக்காரருக்கு வருகிறேன். உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் காவல்நிலையம் ஏன் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. மெயின் ரோடு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. வண்டிப்பாதையில் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது. ‘அது என் பட்டா இடம், இத்தனை நாள் போனார்கள் என்று விட்டுவைத்தேன்’ என்று வேலி போட்டவர் சொல்லுவார். ஆய்வாளருக்கு அதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் இல்லை, பல சமயம் மனமும் இல்லை. ஆக முதல் கேள்வி, பாதை யாருடையது என்பதுதான். அதற்குக் காகிதத்தில் பதில் இருந்தால் மற்றதெல்லாம் நகரும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டை, அதாவது எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேட்டைப் பாருங்கள். அந்தச் சர்வே எண் ‘பாதை’ அல்லது ‘வண்டிப்பாதை’ புறம்போக்கு என்று இருக்கிறதா? புல வரைபடத்தில் (எஃப்.எம்.பி.) அந்தப் பாதை தனி உட்பிரிவாகக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறதா, அகலம் மீட்டரில் குறித்திருக்கிறதா? போன வருடம் என்னிடம் வந்த ஒரு வழக்கில் ஊரே ‘பன்னிரண்டு அடிப் பாதை’ என்று சத்தியம் செய்தது. வரைபடத்தில் இருந்தது 2.4 மீட்டர், அதாவது எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. மீதி நாலடி எதிராளியின் பட்டாவில் இருந்தது. அந்த நாலடியையும் சேர்த்துக் கேட்டதால் எட்டடியும் ஒன்றரை வருடம் இழுத்தது. அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி நில அளவைக்கு மனு போட்டால் சர்வேயர் வந்து கல் காட்டுவார்.

பொதுப்பாதை என்று காகிதம் சொன்னால், காவல்நிலையத்தை விட்டுவிட்டு வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் போங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று பெயர்பெற்ற பிரிவு இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 152. பொதுமக்கள் சட்டப்படி பயன்படுத்தும் வழியில் தடை இருக்கிறது என்று தெரிந்தால், ‘இத்தனை நாளுக்குள் எடு, இல்லையென்றால் வந்து காரணம் சொல்’ என்று ஆர்.டி.ஓ. நிபந்தனை உத்தரவு போடலாம். விசாரணை முடியும்வரை காத்திருந்தால் பெரிய ஆபத்து என்றால் 161-இன் கீழ் உடனடி உத்தரவும் உண்டு. எதிராளி வந்து ‘இது பொதுவழியே இல்லை’ என்று சொல்வதோடு நிற்காமல், அதற்கு நம்பும்படியான ஆதாரமும் காட்டினால், ஆர்.டி.ஓ. கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்; சிவில் நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை நடவடிக்கை நிற்கும். வெறும் வாய்ச்சொல்லுக்கு நிற்காது. உங்கள் கையில் அ-பதிவேடும் வரைபடமும் இருப்பது இந்த இடத்தில்தான் உதவும். புறம்போக்கு என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் அறிவிப்பு, 6-ஆம் பிரிவில் அகற்றம் என்று தாசில்தாரிடமும் தனியாகக் கேட்கலாம். இரண்டையும் ஒரே நாளில் கொடுங்கள், ஒன்றில் தூங்கினால் இன்னொன்று எழுப்பும்.

பட்டா நிலத்தில் ஓடும் பாதை, நாலைந்து குடும்பம் மட்டும் போய்வருவது என்றால் 152 உதவாது. அது வசதியுரிமை (அடுத்தவர் நிலத்தின் வழியே போய்வரும் உரிமை), சிவில் வழக்கு, 1882-ஆம் ஆண்டுச் சட்டம், இருபது வருடத் தொடர் அனுபவம் என்று வேறு திசையில் போகும். அங்கே மட்டும் ‘சிவில் மேட்டர்’ என்பது முக்கால்வாசி சரி. கால்வாசி ஏன் தவறு என்றால் 126 பொதுவழிக்கு மட்டுமானது அல்ல. தனிப்பாதையை மறிப்பவர் ‘மறிக்க எனக்கு உரிமை இருக்கிறது’ என்று நல்லெண்ணத்தோடு நம்பினால்தான் தப்பிக்கலாம். சிவில் நீதிமன்றம் ‘மறிக்காதே’ என்று தடையுத்தரவு போட்ட பிறகும் வேலியைப் போட்டவர் நல்லெண்ணத்தைப் பற்றிப் பேச முடியாது.

மறிக்கப்படுபவர்கள் பட்டியல் சாதி, பழங்குடி மக்களாகவும் மறிப்பவர் அந்தச் சமூகங்களைச் சேராதவராகவும் இருந்தால் மேலே சொன்ன எதுவும் முதல் வழி இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் சேர்த்த 3(1)(இசட்.ஏ.) பொதுச்சாலையையும் நடைவழியையும் சுடுகாட்டையும் மற்றவர்களைப் போலப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைத் தனிக்குற்றம் ஆக்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை. முன்ஜாமீன் கிடையாது. பிணத்தை எடுத்துக்கொண்டு வயல் வரப்பில் நடக்கவைக்கும் ஊர்களில் இதைப் பேச ஆளில்லாததால்தான் ‘பாதைப் பிரச்சினை’ என்ற சாதுவான பெயரில் அது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிடக்கிறது.

189-ஐப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். சட்டவிரோதக் கூட்டத்தின் ஐந்து நோக்கங்களில் நான்காவது, பலத்தைக் காட்டி ஒருவரின் வழியுரிமையையோ தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமையையோ பறிப்பது. வழியும் தண்ணீரும் சட்டத்தில் ஒரே வரியில் வருகின்றன. வேலிக்காரர் ஐந்தாறு ஆட்களை நிறுத்தி ‘எவன் போறான் பார்க்கலாம்’ என்று சொன்ன நாள் உண்டா? இருந்தால், தண்ணீர் கேட்டு உட்கார்ந்த உங்கள் மேல் போட்ட அதே பிரிவு உங்களைவிட அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். புகாரில் தேதி, நேரம், நின்றவர்களின் பெயர்களோடு அதை எழுதுங்கள். காவல்நிலையம் எடுக்கவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3) மனு.

சரி, தம்பி. ஃபைன் கட்டுவது என்றால் குற்றத்தை ஒத்துக்கொள்வது. ஒத்துக்கொண்டால் தண்டனை, ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் தீர்ப்பில் ‘குற்றவாளி’ என்றுதான் எழுதுவார்கள். பதினைந்து வாய்தாவுக்கு அலைவதைவிட அது மேல் என்று விவசாயக் கூலி ஒருவர் நினைத்தால் நான் தடுக்க மாட்டேன், ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு ஒரு நாள் கூலி. அரசு வேலைக்குப் போகிற பையனுக்கு அது பொருந்தாது.

வழக்கை நடத்தினால்? மறியல் வழக்குகளில் சாட்சிகள் பெரும்பாலும் காவலர்களே. நான் குறுக்கு விசாரணை செய்த ஒரு வழக்கில் ஐந்து சாட்சிகளும் ஒரே ஸ்டேஷன். மறித்த பஸ்ஸின் எண் என்ன, டிரைவர் யார், அவரிடம் வாக்குமூலம் வாங்கினீர்களா? ஒன்றுக்கும் பதில் இல்லை. சம்பவ இடத்தைக் காட்டப் போலீஸ் வரைந்த மாதிரி வரைபடத்தில் சாலையின் அகலமும் இல்லை, எத்தனை பேர் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதும் இல்லை. விடுதலை ஆனது. ஆனால் தீர்ப்பில் ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று ஒரு சொற்றொடர் இருந்தது. மற்ற வேலைக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை, காவலர் வேலைக்கு அது முள். தமிழ்நாட்டின் காவலர் பணி விதிகளின்படி சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் ‘குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ கணக்கில்தான் வருவார். சரிபார்ப்பு நடக்கும்போது வழக்கு நிலுவையில் இருந்தாலும் அந்த ஆட்சேர்ப்பு போய்விடும். பிறகு கௌரவமாக விடுதலையானாலும் அடுத்த தேர்வில்தான் உரிமை கேட்கலாம்.

‘ஒரு வருடம் போனால் கேஸ் தானாகச் செத்துவிடும்’ என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு. ஆறு மாதச் சிறை உள்ள குற்றத்தை நீதிமன்றம் ஒரு வருடத்துக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்ற காலவரம்பு இன்றும் இருக்கிறது, குற்றப்பத்திரிகை தாமதமாகி அதனால் ரத்தான மறியல் வழக்குகள் நிறைய. ஆனால் பி.என்.எஸ்.எஸ். 514-இல் ஒரு விளக்கம் சேர்த்துவிட்டார்கள்: எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியே கணக்குக்கு உரிய தேதி. இரண்டாவது நாளே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டதால் உங்களுக்கு அந்தக் கதவு அடைபட்ட மாதிரிதான். அரசு திரும்பப் பெறும் என்று காத்திருப்பதும் ஒரு சூதாட்டம். 2021-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம், ஊரடங்கு மீறல், குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்பு வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகத் தமிழக அரசு அறிவித்தது உண்மை. ஒரு ஊரின் குடிநீர் மறியலுக்கு அப்படி அறிவிப்பு வருவது அரிது.

ஆகவே உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-இல் ரத்து மனு போடுங்கள், வழக்கறிஞர்கள் ‘குவாஷ்’ என்பார்கள். தம்பி மட்டும் போடாமல் பெயருள்ள 14 பேரும் ஒன்றாகப் போட்டால் செலவும் பிரியும், ‘தண்ணீர் கேட்ட ஊர்’ என்ற படமும் நீதிபதிக்குத் தெளிவாகத் தெரியும். குடிநீர் வரவில்லை என்று மறியலுக்கு முன்பே கொடுத்த மனுக்களின் ரசீதுகள், அன்றைய நாளிதழ்ச் செய்தி, யாருடைய போனிலாவது இருக்கும் வீடியோ ஆகியவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். மனு முடிவதற்குள் காவலர் தேர்வுக்கான விண்ணப்பம் வந்துவிட்டால், ‘உங்கள் மீது குற்ற வழக்கு உள்ளதா’ என்ற கட்டத்தில் தம்பி ‘ஆம்’ என்று எழுதி, எஃப்.ஐ.ஆர். எண், பிரிவுகள், காவல்நிலையம் எல்லாம் குறிப்பிட வேண்டும். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், சின்ன வயதில் கோஷம் போட்டது மாதிரியான அற்ப வழக்கை மறைத்திருந்தால் வேலை கொடுப்பவர் விரும்பினால் மன்னிக்கலாம் என்றது. ‘விரும்பினால்’ என்ற சொல்லை நம்பி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டாம்.